வெட்டாதீங்க, அது தோட்டம்

தோட்டம் போட்டுக் கொடுக்கும் தொழிலில் வாடிக்கையாளர்கள் இரண்டே வகை: செடி செத்துப்போச்சு என்று சண்டைக்கு வருபவர்கள், செடி வளர்ந்துபோச்சு என்று சண்டைக்கு வருபவர்கள். ஆசை ஆசையாக ஒரு ரோஜாவை வாசலில் நட்டு, அதற்குக் குடை பிடித்து, அப்புறம் அந்தக் குச்சியில் கைக்குட்டை உலர்த்திய அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நானும் ஒரே ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்கள்.

நான் சொல்வது எழுபதுகளின் கடைசியும் எண்பதுகளின் ஆரம்பமும். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் எனக்கு நர்சரி இருந்தது. நர்சரி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு கீற்றுப் பந்தல், அதன் கீழே பால் பவுடர் டப்பாக்களில் செடிகள், ஒரு சைக்கிள், அப்புறம் எத்திராஜ். எத்திராஜ் என் கூட்டாளி. குழி வெட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை, ஒவ்வொரு குழிக்கும் ஒரு முணுமுணுப்பு இனாம்.

வக்கீல் வீட்டுக் குரோட்டன்ஸ்

அப்போது ஊரில் எல்லோருக்கும் குரோட்டன்ஸ் பைத்தியம். சிவப்பும் மஞ்சளுமாக வாசலில் நாலு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வீடு கட்டியதே வீண். ஓசூர்ப் பக்கத்திலிருந்து பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவருவேன். அங்கே ஜில்லென்று வளர்ந்த செடிக்கு நம்ம ஊர் வெயில் எப்படித் தாங்கும்? பங்குனி பிறந்தால் மலை முழுக்கச் சூடேறி, பொழுது சாய்ந்தும் இறங்காது. கிணறுகள் சேறு காட்ட ஆரம்பித்துவிடும். மனுஷனுக்கே தண்ணீர் கம்மி என்கிறபோது குரோட்டன்ஸுக்கு யார் ஊற்றுவது?

ஒரு வக்கீல் வீட்டில் செடி வைத்தேன். கருகியது. மறுபடி வைத்தேன். மறுபடி கருகியது. மூன்றாவது தடவை நான் செடிகளோடு போய் நின்றபோது, வக்கீல் கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கறுப்புக் கோட்டைக் கையில் பிடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்பா, நீ செடி விக்கிறியா, இல்ல வருஷா வருஷம் என்னைக் கருமாதிக்குக் கூப்புடறியா?"

டீச்சரின் கண்டிஷன்

நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றதை எதிர்ச் சாரியில் குடையோடு நின்று ஒருத்தர் பார்த்துவிட்டார். தனலட்சுமி டீச்சர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். வேலூர் ரோட்டில் வேங்கிக்கால் பக்கம் இப்போது வீடும் ஆபீசுமாக நெரிகிறதே, அங்கே அப்போது ஆடுதான் மேய்ந்துகொண்டிருந்தது. மனை பிரித்து விற்றபோது வாங்கி, ரெண்டு ரூம் வீடு கட்டித் தனியாகக் குடிபோயிருந்தார். மனையில் பாதி வேலூரில் இருக்கும் அவர் அண்ணன் சிகாமணி பேரில். அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார்: ஆள் அரவம் இல்லாத பொட்டல், ஒரு ஆபத்து என்றால் ஏனென்று கேட்க நாதியில்லை, இன்னும் ரெண்டு கோடை பார்ப்பேன், சரிப்படாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு வேலூருக்கு எங்களோடு வந்துவிட வேண்டும்.

டீச்சருக்கு அதில் இஷ்டமே இல்லை. அண்ணன் தங்கமானவர், அண்ணியும் நல்லவர்தான், ஆனால் அங்கே தனக்குக் கூடத்து மூலையில் ஒரு டிரங்குப் பெட்டிக்குத்தான் இடம் என்றார். பிறந்து இத்தனை வருஷத்தில் இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறாராம். கஷ்டம் என்று பார்த்தால் மேற்கு வெயில், அனல்காற்று, ரோட்டுப் புழுதி, ஆடு, அப்புறம் போகிறவர் வருகிறவர் எல்லாம் ஜன்னல் வழியாக இன்றைக்கு என்ன குழம்பு என்று பார்த்துக்கொண்டு போவது. கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதுவும் மாசி வரைக்கும்தான். "குடிக்கிற தண்ணிக்கே கொடத்த தூக்கிட்டு நடக்கறேன். தண்ணி கேக்காத தோட்டம் இருந்தா வந்து போடுங்க மாணிக்கம். குரோட்டன்ஸ்னா அப்படியே திரும்பிப் போயிடுங்க."

கிரிவலப் பாதையில் ரெண்டு சாமியார்கள்

தண்ணீர் கேட்காத தோட்டம் எங்கே இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டால், அது கண்ணெதிரே மலையடியில் இருந்தது. அந்த நாளில் மலை இப்போது மாதிரி பச்சையாக இருக்காது. விறகு வெட்டியும் ஆடு மேய்த்தும் மொட்டையாகக் கிடக்கும். ஆனாலும் கிரிவலப் பாதை ஓரத்திலும் பாறை இடுக்கிலும் ஏரிக்கரையிலும் புதர்கள் பிடிவாதமாக நின்றன. ஆவாரை, நொச்சி, ஆடாதொடை, விராலி, காரை, களா. யாரும் அவற்றுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியதில்லை. நானும் எத்திராஜும் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். எதுவும் தனியாக நிற்கவில்லை. உயரமானது காற்று வரும் பக்கம், முள் உள்ளது நடுவில், அதன் நிழலில் குட்டைச் செடி, தரையில் சருகு. சருகை விலக்கி விரலை விட்டால் அந்தச் சித்திரையிலும் ஈரம். ஒரு காரை முள்ளுக்குள்ளே, எந்தக் குருவியோ போட்ட விதையிலிருந்து ஒரு வேப்பங்கன்று ஆட்டுக்குப் பயப்படாமல் நின்றது. இத்தனை நாள் செடியை விற்றேனே தவிர, செடி எப்படிக் குடும்பம் நடத்துகிறது என்று நான் பார்த்ததே இல்லை.

ஆடியில் தூறல் விழுந்ததும் மறுபடி போய் ஏரிக்கரையிலும் வேலியோரத்திலும் விதையும், நட்டால் வேர் விடுகிற போத்துக் குச்சிகளும் சேர்த்தோம். நம்ம ஊரில் புதருக்குள் குனிந்தவன் வைத்தியன், அவனுக்குத் தாடி இருந்தால் சாமியார். அன்றைக்கு எனக்கு சவரம் செய்யாத முகம். கிரிவலம் வந்த ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, மூட்டு வலிக்கு எந்தத் தழை என்று கேட்டார். இல்லம்மா, இது தோட்டத்துக்கு என்றேன். அதை என் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். எத்திராஜ் சும்மா இருக்கக்கூடாதா? ஒரு கொத்து நொச்சியை எடுத்து நீட்டிவிட்டான். அவ்வளவுதான், பின்னாலேயே வரிசை நின்றுவிட்டது. கடைசியில் வந்தவர் திடகாத்திரமான ஆள். அவர் சொன்னார்: "சாமி, எனக்கு வலியெல்லாம் இல்ல. இருந்தாலும் ஒரு கொத்து குடுங்க, வரும்போது வெச்சிக்கிறேன்."

குதிரை கொடுத்த சர்டிபிகேட்

டப்பாவில் முளைத்த கன்றுகளைப் புரட்டாசி மழை தொடங்கியதும் வேங்கிக்காலுக்குக் கொண்டுபோனோம். பாஷா பாயின் ஜட்கா வண்டி. செடிகளை ஆடாமல் வைக்க நடுநடுவே வைக்கோலைத் திணித்தோம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்ததும் பாய் டீ குடிக்கலாம் என்றார். குதிரையை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, வண்டிக்குப் பின்பக்கம் கட்டிவிட்டு வந்தார். நாங்கள் டீயை ஊதிக் குடித்து, அரசியல் பேசி, திரும்பிப் பார்த்தால் குதிரை தலையை வண்டிக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறது. எத்திராஜ் கிளாஸைப் போட்டுவிட்டு ஓடினான். என் உயிர் என்னிடத்தில் இல்லை.

போய்ப் பார்த்தால் வைக்கோல் ஒரு துரும்பு மீதியில்லை. செடி ஒன்றுகூடக் குறையவில்லை. ஆடாதொடையை மட்டும் மோந்து பார்த்திருக்கும் போலிருக்கிறது, அந்தப் பக்கமே முகத்தைக் கொண்டுபோகாமல் தும்மிக்கொண்டு நின்றது. பாய் அதன் கழுத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நம்ம குதிரைக்கு இன்னிக்கு ஜாஸ்தி பசி. அதுவே மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. இத எந்த ஆடு சார் தொடும்?"

வரிசை

மனையின் மூலையில் ஏற்கெனவே ஒரு பெரிய காரைப் புதர் இருந்தது. வீடு கட்டிய மேஸ்திரி அதைப் பிடுங்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் விடவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால், சொன்னால் நம்பமாட்டீர்கள், அங்கேயும் சாண் உயரத்துக்கு ஒரு வேப்பங்கன்று. அதையே குலதெய்வமாக வைத்துக்கொண்டு மற்றதை நட்டோம். மேற்கே வெயிலுக்கும் காற்றுக்கும் நொச்சியும் விராலியும், ரோட்டுப் பக்கம் ஆவாரை, ஆடு வரும் வழியில் ஆடாதொடை, உள்ளே களா. பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் டீச்சருக்குப் பிடித்த வெட்சி. எல்லாம் கும்பல் கும்பலாக, மலையடியில் பார்த்த மாதிரியே. நூல் பிடிக்கவில்லை.

மறுநாள் போனால் நொச்சி எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. எத்திராஜ் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டோம். அடுத்த நாள் மறுபடி நேர்கோடு, இந்தத் தடவை இடைவெளிகூட ஒரே அளவு. டீச்சர் கையில் மண் ஒட்டியிருந்ததைப் பார்த்தபிறகுதான் விஷயம் புரிந்தது. மலையில் எதுங்க டீச்சர் நேரா இருக்குது என்று கேட்டேன். அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "இத்தனை வருஷமா பொண்ணுங்கள வரிசையில நிக்க வெச்சவ நான். உங்க மலை பண்ற தப்பையெல்லாம் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு இருக்க முடியாது மாணிக்கம்."

வாடகைக்கு வந்த குரங்கு

டீச்சர் கடைசியில் விட்டுக்கொடுத்தார். முதல் கோடையைச் செடிகள் தாண்டியதும் ஊரில் பேச்சு பரவி, எனக்கு வேறு வேலைகளும் வர ஆரம்பித்தன. அதில் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோகும். ஆசிரமம் பக்கம் ஒருத்தர் நாலு அறை கட்டி வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவருக்கும் மலைப்புதர்த் தோட்டம் போட்டேன். நன்றாக அடர்ந்து வந்தது. அடர்ந்ததும் ஒரு குரங்குக் குடும்பம் குட்டியும் குளுவானுமாக அதில் வந்து தங்கிவிட்டது. அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போனபோது, அங்கே குடியிருந்த வெள்ளைக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து குரங்குகளைப் பார்த்துப் பரவசமாகிக்கொண்டிருந்தார். புதரை வெட்டினால் அறையைக் காலி செய்துவிடுவேன் என்று சைகையிலேயே சொல்லிவிட்டாராம். வீட்டுக்காரர் என்னிடம் புலம்பினார்: "செடி மலையிலர்ந்து வந்துது. கொரங்கு மலையிலர்ந்து வந்துது. இந்த மனுஷனும் மலைக்காக வந்தவரு. நடுவுல நான் எதுக்குங்க இங்க இருக்கறேன்?"

பூ திருட்டு

டீச்சர் வீட்டுக்கு வருவோம். நட்ட அடுத்த வருஷம் பொங்கலுக்கு ஆவாரை வேலி முழுக்க மஞ்சள். ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மாட்டுப்பொங்கல் அன்று காலையில் நான் வீட்டில் வடையைப் பிட்டு வாயில் போடப்போகிறேன், டீச்சர் வாசலில் நிற்கிறார். முகம் சிவந்திருக்கிறது. விடிவதற்குள் யாரோ ஒரு பூ விடாமல் பறித்துக்கொண்டு போய்விட்டார்களாம். அண்ணன் சொன்னது சரிதான், இங்கே தனியாக இருக்க முடியாது என்று சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. வடையை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

திருடரைத் தேடவே வேண்டியதில்லை. மனைகளுக்குப் பின்னால் இருந்த தெருவில் நுழைந்தால், ஒவ்வொரு மாட்டுக் கழுத்திலும் ஆவாரம்பூ மாலை. முதல் வீட்டில் பச்சையம்மா கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். மறைக்கவோ பயப்படவோ இல்லை. டீச்சர் வீடு இருக்கிற இடமெல்லாம் முன்னே ஆவாரங்காடாம், தலைமுறையாக அங்கேதான் பூப் பறிப்பார்களாம். மனை போட்டபிறகு எல்லாம் போய், போன வருஷம் மாட்டுக்குக் காகிதப் பூ கட்டினார்களாம். இந்த வருஷம் ஆவாரை திரும்பி வந்துவிட்டது என்று ஊரே சந்தோஷப்பட்டதாம். பச்சையம்மா மாட்டைத் திருப்பி மாலையைக் காட்டினார். "திருடலீங்க டீச்சர். உங்க பூ அத்தினியும் இங்கதான் கீது. வேணும்னா எண்ணிப் பாத்துக்கோங்க."

அண்ணன் செய்த ஒத்தாசை

கணக்கு டீச்சர் அன்றைக்கு எண்ணவில்லை. பச்சையம்மா வீட்டில் பொங்கல் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பினார். அதற்கப்புறம் வயலுக்குப் போகிறவர்கள் வேலிக்கு வெளியே நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவது பழக்கமாகிவிட்டது. இப்படி ரெண்டாவது கோடை வந்தது. நொச்சி கூரையைத் தொட்டது, புதருக்குள் தவிட்டுக் குருவிகள் சந்தைக்கடை மாதிரி இரைந்தன. டீச்சர் பரீட்சைப் பேப்பர் திருத்த மெட்ராஸ் போயிருந்தார்.

ஒரு நாள் சைக்கிளில் அந்தப் பக்கம் போனேன். தூரத்திலிருந்தே வீட்டுச் சுவர் பளீரென்று தெரிந்தது. தெரியக்கூடாதே, நொச்சி மறைக்க வேண்டுமே என்று பெடலை வேகமாக மிதித்தேன். கிட்டே போனால் மனை மொட்டை. ஆவாரை இல்லை, நொச்சி இல்லை, களா இல்லை. எல்லாம் தரையோடு வெட்டிக் குவித்து, கூட்டிப் பெருக்கி, தண்ணீர்கூடத் தெளித்திருந்தது. மூலையில் காரைப் புதர் மட்டும் நின்றது. அந்த முள்ளில் கை வைக்க மாட்டோம் என்று ஆட்கள் சொல்லிவிட்டார்களாம். நடுவில் பனியனோடு, தலையில் துண்டு கட்டி, வியர்வையும் பெருமையுமாக ஒருத்தர் நின்றார். சிகாமணி அண்ணன். தங்கச்சி ஊரிலிருந்து வந்தால் சந்தோஷப்படட்டும் என்றும், வீட்டை விலைக்குப் பார்க்க வருகிற பார்ட்டிக்கு இடம் பளிச்சென்று தெரியட்டும் என்றும், அவசரத்துக்கென்று தங்கச்சி கொடுத்துவைத்திருந்த மாற்றுச் சாவியில் வீட்டைத் திறந்து, ஆள் வைத்துச் சுத்தம் செய்திருக்கிறார். என்னை யாரோ வழிப்போக்கன் என்று நினைத்து, மோர் கொடுத்து உட்காரவைத்தார். அவர் விசிறிக்கொண்டே சொன்னார்: "தோட்டக்காரன் ஒருத்தன வேற வெச்சிருக்காளாம். அந்தாளு ரெண்டு வருஷமா இந்தப் பக்கம் எட்டியே பாக்கல போல. எப்படிக் காடு மண்டிக் கெடந்துது தெரியுமா?"

யாரைக் கேட்டு வெட்டினீங்க

அந்தத் தோட்டக்காரன் நான்தான் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. ஆனால் தப்பு செய்ததாக அவருக்குத் தோன்றவில்லை. வெயில் ஏறியது, அதுவும் கத்திரி வெயில். அவர் உள்ளே கட்டிலில் போய்ப் படுத்தார், எழுந்தார், மறுபடி படுத்தார். மேற்குச் சுவர் கொதித்தது. ரோட்டில் ஒரு லாரி போனால் தலையணையில் புழுதி. பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஜன்னல் வழியாக அவர் பனியனைப் பார்த்தார்கள். இத்தனை நாள் எட்டி நின்ற ஆடுகள் நேராக மனைக்குள் வந்து, சுவர் நிழலில் அவர் ஜன்னலுக்குக் கீழே படுத்துக்கொண்டன. நேற்று இதே கட்டிலில் ஜில்லென்று தூங்கினேனே, மேஸ்திரி சுவரை நல்ல கனமாக வைத்திருக்கிறான் என்று நினைத்தேனே என்றார். நேத்து அந்தப் பக்கம் நொச்சி இருந்துது சார் என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் சத்தம். மாடு ஓட்டிக்கொண்டு போனவர் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார். பச்சையம்மா கதிர் அறுக்கும் அரிவாள் கையோடு வந்து நின்றார், பின்னால் தெருவே திரண்டிருந்தது. டீச்சர் ஊரில் இல்லாத நேரத்தில் எவனோ வீட்டில் புகுந்து வேலியை வெட்டுகிறான் என்று நினைத்து, அந்த வெயிலில் செருப்பில்லாமல் ஓடி வந்திருக்கிறார்கள். வீட்டைப் பார்க்க வந்த பார்ட்டி புரோக்கரோடு காரில் வந்தார், கூட்டத்தைப் பார்த்தார், இறங்காமலே போய்விட்டார். சிகாமணி துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, நான் அவளுக்கு அண்ணன் என்றார். பச்சையம்மா அசரவில்லை. "அண்ணனா இருந்தா இன்னா? அந்தம்மா வரட்டும். அது வரைக்கும் இங்க ஒரு குச்சிய எவரும் தொடக்கூடாது."

டீச்சர் வந்தார்

மறுநாள் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கிய டீச்சர், பையோடு ரோட்டிலேயே நின்றுவிட்டார். இடம் மாறி இறங்கிவிட்டோமோ என்று பார்ப்பது போலப் பார்த்தார். மெதுவாக உள்ளே வந்து, படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. பச்சையம்மா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்குனு நான் பாத்துப் பாத்து வளத்தது இது ஒண்ணுதானே அண்ணா என்றார் டீச்சர். சிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமா சுத்தம் பண்றேன்னுதான் நினைச்சேன்மா என்று சின்னப் பிள்ளை மாதிரி சொன்னார்.

நான் குனிந்து மண்ணைத் தள்ளி அடிக்கட்டையைக் காட்டினேன். வேரை யாரும் தொடவில்லை. விறகுக்கு வெட்டினதெல்லாம் மலையில் மறுபடி தழைத்ததைப் பார்த்தவன் நான், ஒரு மழை விழட்டும், ஒன்று வெட்டிய இடத்தில் நாலு வரும் என்றேன். யாரும் நம்பின மாதிரி தெரியவில்லை. அப்போதுதான் சிகாமணி அந்தக் காரைப் புதரைக் கவனித்தார். அதன் நடுவிலிருந்து வேப்பமரம் ஒன்று அவர் தலைக்கு மேலே கிளம்பி நின்றது. இதை யார் வைத்தது என்று கேட்டார். யாரும் வைக்கவில்லை, முள் காப்பாற்றியது என்றேன். அதன் நிழலில் கொஞ்ச நேரம் நின்றார். வாசலில் இன்னும் கலையாத ஜனங்களைப் பார்த்தார். அப்புறம் தங்கச்சி பக்கத்தில் வந்து படியிலேயே உட்கார்ந்தார். "ஏன்னு கேக்க ஆள் இல்லாத எடம்னு நினைச்சுட்டேன் தனம். செடிய வெட்டினதுக்கே ஊரே வந்து என்னைக் கேக்குது. உனக்கு ஒண்ணுன்னா சும்மா விடுமா? நீ இங்கயே இரும்மா. வீட்டை விக்க வேணாம்."

வேலூருக்குப் போன நொச்சி

வைகாசியில் ஒரு கோடை மழை. நான் சொன்னது பலித்தது, முன்னைவிட அடர்த்தியாகவே வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கே அவ்வளவு நம்பிக்கை இருந்ததில்லை. சிகாமணி வருஷா வருஷம் கோடை லீவுக்கு வந்து அந்த மேற்கு ரூமில் மத்தியானம் குறட்டை விடுவார். டீச்சர் கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தார், சாவியும் கடைசிவரை அவர் இடுப்பில்தான். இன்று அவர் இல்லை, நான் நர்சரியை மூடியும் வெகுநாளாச்சு. வேங்கிக்கால் பக்கம் போனால் அந்த வேப்பமரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் நிற்பேன். மாட்டுப்பொங்கலுக்கு ஆவாரை இப்போதும் மஞ்சளாகத்தான் பூக்கிறது. மாடுதான் கம்மி. அந்தக் காலத்தை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு வருஷம் சிகாமணி ஆசைப்பட்டு வேலூர் வீட்டுக்கு நொச்சிப் போத்து வாங்கிக்கொண்டு போனார். தண்ணீர் ஊற்றாதீர்கள் சார் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். செடி வாடுமே என்று மனசு கேட்காமல் வேளாவேளைக்கு ஊற்றி, வேர் அழுகச் செய்து, கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார். எத்திராஜ் புதுப் போத்து வெட்டிக் கொடுத்துவிட்டு என் காதில் சொன்னான்: "ரொம்பப் பாசக்காரருணா. செடிய ரோட்ல நட்டு, இவர வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டச் சொல்லு."

மொத்தத்தில் இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: செடிக்கு வெயிலாலும் ஆட்டாலும் குரங்காலும் வருகிற ஆபத்து கம்மி, நம் மேல் உயிரையே வைத்திருக்கிறவர் கையில் ஒரு அரிவாளும் ஒரு லீவு நாளும் கிடைத்தால் வருவதுதான் ஜாஸ்தி.